கண்ணாடி இல்லாத வருஷம்

கல்லிடைக்குறிச்சி,
ஐப்பசி கடைசி வெள்ளி.

அன்பு மகள் முத்துராணிக்கு உன் சித்தப்பா முத்துமாலை எழுதுவது. இங்கே நான் சுகம், வீடு சுகம், ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடுவதால் ஊரும் சுகம். அங்கே நீயும் உன் இரண்டு புதுக் கண்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று நம் இசக்கியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவளும் சரி என்றுவிட்டாள். போனில் பேசுவதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசி சூடு பிடிப்பதற்குள் நீ ‘அப்புறம் சித்தப்பா’ என்று சொல்லிவிடுகிறாய், அந்த அப்புறத்துக்கு அப்புறம் எனக்கு ஒன்றும் ஓடுவதில்லை. கடிதம் என்றால் முடிகிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். நியூசிலாந்துக்கு எழுதுகிற ஆள் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருவன்தான், போன தடவை நான் கவரை நீட்டியதும் போஸ்ட் மாஸ்டர் எழுந்து நின்றே வாங்கினார். எழுத்து ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவுக்கு இருக்கிறதே என்று பார்க்காதே, அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

லேசர் வைத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீ அனுப்பிய போட்டோ வந்தது. யாரோ சினிமாக்காரி நம்பர் தப்பாகப் போட்டு எனக்கு அனுப்பிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்தின பள்ளம் இருந்ததைப் பார்த்துத்தான் நம் பிள்ளை என்று தெரிந்தது. அந்தப் பள்ளம் போகப் போக மேடாகிவிடும், கவலைப்படாதே. என் அண்ணனும் மதினியும் போய்ச் சேர்ந்து, நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோது சிலேட்டை மூக்கில் ஒட்டி வைத்துத்தான் எழுதுவாய். பிள்ளை பாடத்தை மோந்து பார்த்துப் படிக்கிறாள் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன், உன் சித்தி இசக்கித்தாய்தான் இது பெருமை இல்லை கண் கோளாறு என்று கண்டுபிடித்தாள். அம்பாசமுத்திரத்தில் அகமது மீரான் கடையில் உனக்கு முதல் கண்ணாடி மாட்டி வெளியே கூட்டி வந்தோம். நீ மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, “சித்தப்பா, மலைல மரம் இருக்கு!” என்று கத்தினாய். அதுவரைக்கும் மலை என்றால் நீலமாக ஒரு சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். நான் அப்போது அந்த மலைமேல் மாஞ்சோலை எஸ்டேட்டுக்குத் தினம் ஜீப் ஓட்டுகிறவன், அத்தனை வளைவையும் கண்ணை மூடிக்கொண்டே திருப்புகிறவன், அங்கே சிறுத்தையே எனக்கு ஒதுங்கி வழிவிடும், என் வீட்டுப் பிள்ளைக்கு மலையில் மரம் இருப்பது தெரியவில்லை.

சரி, போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். அதைக் காட்டாத வீடு நம் தெருவில் இல்லை. செந்தில்முருகன் டீக்கடையில் காட்டினேன், அவன் உடனே, “லேசர்ன்னா என்ன அண்ணாச்சி, கண்ணுக்குள்ள வெல்டிங் வச்சுட்டாங்களா?” என்று கேட்டான். விடுவேனா. ஓர் அவித்த முட்டையை எடுத்து, மேலே இருக்கிற தோலை மூடி மாதிரி மெல்லத் தூக்கி, உள்ளே ஒளியை விட்டு, பவருக்குத் தக்கபடி இழைத்து, மறுபடி மூடியைப் பைய மூடி வைப்பது, தையல் கிடையாது, ரத்தம் கிடையாது, ஒரு டீ ஆறுவதற்குள் இரண்டு கண்ணும் முடிந்துவிடும் என்று செய்தே காட்டினேன். நீ சொன்னதில் அவ்வளவுதான் இருந்தது. அங்கே உள்ள பெரிய டாக்டர் உன் கருவிழியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கெட்டியான கருவிழி எங்கள் நாட்டிலேயே கிடையாது, திருநெல்வேலித் தண்ணீர் குடித்தவளா நீ என்று கேட்டார் என்பதை மட்டும் நானாகச் சேர்த்துக்கொண்டேன், கேட்டிருக்கக் கூடியதுதானே. “அண்ணாச்சி சொல்லுததப் பாத்தா ஆப்பரேசனே இவருதாம் பண்ணிருப்பாரு போல” என்று ஒருவன் சொன்னான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முட்டைக்குச் செந்தில்முருகன் காசு வாங்கிவிட்டான்.

நீ குரலில் அனுப்பிய செய்தியை அதற்குள் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. காலையில் எழுந்ததும் பழக்கத்தில் கையால் தலைமாட்டைத் துழாவினாயாம், கண்ணாடி இல்லையே என்று திக்கென்றதாம், அப்புறம் பார்த்தால் எதிர்ச் சுவரில் கடிகாரம் தெரிந்ததாம், முள்ளு கூடத் தெரிந்ததாம், உட்கார்ந்து அழுதாயாம். ஆபரேஷன் ஆன கண்ணில் உப்புத் தண்ணீர் படலாமா, கூடாது. ஆனாலும் அன்றைக்கு அழுதது சரிதான், டாக்டரிடம் சொல்லாதே. மற்றபடி கண்ணைக் கசக்காதே. உறங்கும்போது அவர்கள் கொடுத்த மூடியைக் கட்டிக்கொள். அங்கே மாட்டுப்பண்ணை எல்லாம் அதிகம், காற்றில் தூசி இருக்கும், பால்பவுடர் கம்பெனியில் உனக்கு எதிரிலேயே பவுடர் பறக்கும், கொஞ்ச நாள் லீவு போடு. நந்தியாவட்டைப் பூச்சாறு விடலாம், தாய்ப்பால் விடலாம் என்று இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், நானே நாலைந்து பேருக்கு அப்படி விடச் சொல்லிக் குணமாக்கியிருக்கிறேன், ஆனால் நீ கேட்காதே, டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைத் தவிர ஒன்றும் விடாதே. கூட வேலை பார்க்கிற பெண் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள், பிறகு போனில் அலாரம் அடிக்க அடிக்க நானாகவே மருந்து விட்டுக்கொண்டேன் என்று நீ சொன்னாய். கண்ணை மூடிக்கொண்டு அந்த வீட்டில் நீ தனியாகப் படுத்திருந்த நேரத்தில் எனக்கு இங்கே என்ன வேலை இருந்தது என்று யோசித்தேன். ஒன்றும் இல்லை. முந்தியே சொல்லியிருந்தால் நான் வந்து மருந்து விட்டிருப்பேன், பாஸ்போர்ட் இல்லை என்பது ஒரு பெரிய விஷயமா, எனக்கு ஆள் தெரியும்.

அந்தச் செய்தியின் கடைசியில் நீ இன்னொன்றும் சொன்னாய். “இனிமே கண்ணாடிக்குன்னு ஓடி வர வேண்டாம் சித்தப்பா. அதனால இந்தப் பொங்கலுக்கு வரல. டிக்கெட்டும் ஆன வெலை இருக்கு. அடுத்த வருஷம் பாப்போம்.” நியாயம்தான். அங்கே கண்ணாடி போடுவதென்றால் குதிரை விலை, அதனால்தான் வருஷா வருஷம் பொங்கல் லீவில் வந்து மீரான் கடையில் புதுசு போட்டுக்கொண்டு போவாய். இப்போது கண்ணாடியே வேண்டாம் என்றால் மீரான் எதற்கு, டிக்கெட் எதற்கு. நான் உடனே சரிம்மா சரிம்மா என்று பதிலுக்குக் குரல் அனுப்பினேன், கேட்டிருப்பாய். போனை வைத்துவிட்டு வழக்கம் போல ஸ்டேஷனுக்குப் போனேன். சாயங்காலம் செங்கோட்டை வண்டி வரும்போது நான் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும், நான் நிற்காவிட்டால் வண்டியை எடுக்க மாட்டார்கள், அப்படி ஒரு பழக்கம் ஆகிவிட்டது. இறங்குகிறவர்கள் எல்லாருக்கும் யாராவது ஒருவர் வந்திருந்தார்கள். யாரும் வராதவர்களின் பையை நான் வாங்கி ஆட்டோ வரைக்கும் கொண்டுபோய் வைத்தேன். வீட்டுக்கு வந்தால் சோறு மிச்சம். இத்தனை காலம் ஆகியும் ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று எனக்குக் கை வரவில்லை, உன் சித்தி அதைச் சொல்லிக் கொடுக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் மீரானிடம் போய் முத்துராணி இனி உமக்கு வாடிக்கை இல்லை வே என்று சொன்னேன். மனுஷன் சந்தோஷப்பட்டான், அல்லாவைக் கும்பிட்டான், உன் போட்டோவை அவன் போனிலும் வாங்கிக்கொண்டான். அப்புறம் துணியால் மேஜையைத் துடைத்தான். “அப்போ பொங்கலுக்கு வரலியா?” என்று கேட்டான். வரவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவன் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், நீ அவன்மேல் கோபப்படக் கூடாது. “ஓய் முத்துமாலை, ஒம்ம மகளுக்கு உள்ள லென்சு மதுரைலேருந்து ரெண்டே நாள்ல வந்துரும். நாந்தாம் ஒவ்வொரு வருசமும் வரல, வரலன்னு இழுத்துக்கிட்டே கெடப்பேன். லென்சு கைக்கு வந்த அன்னைக்கே புள்ள மெட்ராசுக்கு வண்டி ஏறிரும்லா. ஒம்ம வீட்ல வெளக்கு ரெண்டு நாள் கூட எரியட்டுமேன்னுதாம் வே.” நீ ஒவ்வொரு வருஷமும் அந்தக் கடையில் நின்று, பவர் அதிகம் என்றால் இவ்வளவு லேட்டா என்று சத்தம் போடுவாயே, அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பானே, அது இதற்குத்தான். எனக்கு முதலிலேயே தெரியும் என்று அவனிடம் சொன்னேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்குத் தெரியாது.

பேச்சை மாற்றுவதற்காக நான், இப்போதெல்லாம் பஸ் விளக்கு, தெரு விளக்கு எல்லாவற்றுக்கும் சுற்றிலும் வெளிச்சத்தில் தாடி முளைத்திருக்கிறது, கம்பெனிக்காரன் பல்பில் ஏதோ கலப்படம் பண்ணுகிறான் என்று சொன்னேன். அவன் ஒரு மாதிரி பார்த்தான். எதிர்க் கடை போர்டை வாசிக்கச் சொன்னான். நான் அந்தக் கடையை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும் என்பதால் கடகடவென்று வாசித்தேன். “அந்தக் கடைய இடிச்சுட்டு இப்ப நகைக்கடை வச்சுருக்கான் வே” என்று சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்து என் கண்ணுக்குள் அடித்துப் பார்த்து, “வெளக்குக்கு எங்க தாடி மொளைக்கும். ஒம்ம கண்ணுலதாம் பாசி புடிச்சுருக்கு, பொரை விழுந்துட்டு” என்றான். எனக்கு அதெல்லாம் இல்லை, என் மகளுக்கு இருந்தது மாதிரி கொஞ்சம் பவர் இருக்கும், நானும் லேசர் வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை வண்டியில் திருநெல்வேலிக்குப் போனேன். மீரான் கடைச் சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் நல்ல மரியாதை. வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் உன் போட்டோவைக் காட்டி, முட்டை இல்லாததால் வெங்காயத்தை வைத்து லேசரை விளக்கினேன். டாக்டர் பிருந்தா என்று ஒரு சின்னப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். கண்ணில் மருந்து விட்டு, தாடையை ஒரு கட்டையில் வைத்துப் பார்த்துவிட்டு, “லேசர் வயசுப் பிள்ளையளுக்குத்தான் ஐயா. கண்ணாடிய எடுக்கதுக்கு. ஒங்களுக்குப் புரை நல்லா முத்திருக்கு. பழைய லென்ச எடுத்துட்டுப் புது லென்ஸ் வைக்கணும். பயப்படாதீங்க, அன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்” என்று சொன்னாள். ஜீப்பில் அத்தனை வருஷம் வெயிலைப் பார்த்து ஓட்டியதால் வந்த வீரப்புரை இது, சாதாரண ஆளுக்கு வராது, இல்லையா என்று கேட்டேன். அவள் சிரித்தாள், வயதானால் எல்லாருக்கும் வரும் என்றாள். இந்தக் கடிதத்தில் எழுத்து பெரிதாக இருப்பது அதனால்தான். சின்னதாக எழுதினால் எழுதியது எனக்கே தெரியவில்லை.

அடுத்த அறையில் அஸீலா என்று ஒரு நர்ஸ், தேதி போடுகிறவள். கூட வந்தவங்க எங்கே தாத்தா என்று கேட்டாள். நான் தனியாக வந்தேன் என்றேன். “ஆப்பரேசனுக்குக் கூட ஆள் இல்லாம எடுத்துக்கிட மாட்டாங்க தாத்தா. யாராச்சும் கூடவே இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போணும், மருந்து விடணும்.” என் மகள் நியூசிலாந்தில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள், பொங்கலுக்கு வருவாள், அவள் கம்பெனி பிளேனே அனுப்பும் என்று சொன்னேன். பொங்கல் வரைக்குமா, பக்கத்தில் யாரும் இல்லையா, ஒரு பேர் சொல்லுங்கள் என்றாள். யாரும் இல்லையாவது, ஊரே என் பின்னால் நிற்கும் என்றேன். “ஊரு வேண்டாம் தாத்தா. ஊரு ஆட்டோல ஏறாது. ஒரு ஆளு போதும்.” ராணி, அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். என்னோடு ஜீப் ஓட்டிய ஆட்கள் மலையை விட்டு இறங்கித் திருப்பூர் பக்கம், பிள்ளைகள் வீடு என்று போய்விட்டார்கள். பழகாத ஆள் இல்லை, எல்லாருக்கும் என்னைத் தெரியும். எனக்காக ஒரு நாள் கடையை மூடிவிட்டு வா என்று யாரிடம் சொல்வது. கண்ணில் விட்ட மருந்தால் எல்லாம் ஒரே வெளிச்சமாகக் கூசியது, யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று தெரியவில்லை. பேர் ஒன்றும் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் திரும்பி வருகிற வண்டியில் சேரன்மகாதேவி தாண்டியபோது எனக்குப் பெரிய சந்தோஷம் வந்துவிட்டது. உன் கண்ணாடி போனால் என்ன, என் கண் இருக்கிறதே. மகள் வந்தால்தான் ஆபரேஷன் என்று சொன்னால் நீ வராமல் இருப்பாயா. வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து உனக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். மூன்று பெரிய டாக்டர்கள் கைவிரித்துவிட்டதாகவும், ஒரு கண் அறவே போய் மறு கண்ணில் நூலளவு வெளிச்சம் மிச்சம் இருப்பதாகவும், மகள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குருடானாலும் பரவாயில்லை என்று நான் சொன்னதாகவும், அதைக் கேட்டு நர்ஸ் அழுததாகவும் எழுதினேன். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது, அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

காலையில் மீரான் ஸ்கூட்டரில் வந்து நின்றான். சீட்டில் அவன் நம்பர் இருந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் இருந்து அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். “புதன்கெழம வச்சாச்சு. நான் வாரேன். கடைய மச்சான் பாத்துக்கிடுவான். பத்து நாளைக்குச் சாப்பாடு எங்க வீட்லேருந்து வரும், கறி கெடையாது, ஒமக்குப் பருப்புதான்” என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உம்மை யார் வே கேட்டது, என் மகள் வந்து பார்த்துக்கொள்வாள், உம்ம ஜோலியைப் பாரும் என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டேன். அவன் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கி உள்ளே வந்து உட்கார்ந்தான். பாதி எழுதின கடிதம் மேஜையில் கிடந்தது, பூசணிக்காய் எழுத்துதானே, எட்ட இருந்தே வாசித்துவிட்டான். “புள்ளைய வரணும்னா வான்னு கூப்புடும் வே. புண்ணக் காட்டிக் கூப்புடாதேயும். அது அங்கன தன்னந்தனியா கண்ண மூடிக்கிட்டுக் கெடந்துச்சே, ஒம்மள அழுது கூப்புட்டுச்சா?” என்று கேட்டான். நான் டீ போடப் போய்விட்டேன். டீ குடித்துவிட்டுப் போகும்போது, புதன்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாரும் என்று மட்டும் சொன்னான்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். உள்ளதை உள்ளபடி எழுத எனக்குப் பழக்கம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது எனக்கு ஆபரேஷன் முடிந்து கட்டும் பிரித்திருப்பார்கள். ஆபத்து ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னாள். துணைக்கு மீரான் இருக்கிறான், சாப்பாடு இருக்கிறது, மருந்து விட ஆள் இருக்கிறது. உன் கண்ணுக்கும் இங்கே வேலை இல்லை, என் கண்ணுக்காகவும் நீ வர வேண்டியதில்லை. வீட்டில் ஓடு மாற்ற வேண்டியதில்லை, கோவில் கொடைத் திருவிழா வைகாசியில்தான், பத்திரம் எழுத வேண்டியதும் ஒன்றும் இல்லை. நீ ஊருக்கு வருவதற்கு ஒரு காரணம் கிடைக்குமா என்று நேற்று முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் நான் விட்டிருப்பேனா. அதனால் காரணம் ஒன்றும் இல்லாமல் ஒரு தடவை வா, ராணி. பொங்கலுக்கு வர முடியாவிட்டால் முடிகிறபோது வா. வந்து சும்மா இரு. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

நம் இசக்கியம்மன் உன்னையும் உன் கண்ணையும் கூடவே இருந்து காக்கட்டும். நீ நூறு வருஷம் குறைவில்லாமல் இருக்க வேண்டும். வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள், ஈரத் தலையோடு உறங்காதே, மருந்து நேரத்தை மறந்துவிடாதே. பதில் எழுதுவதாக இருந்தால் பெரிய எழுத்தாக எழுது.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
சித்தப்பா முத்துமாலை